மாங்காய் வண்டிக்குப் பட்டை சேர்க்கலாமா?

மாங்காய் இறக்கும் பருவம் நெருங்கியதும், சொந்தமாக ஜீப்போ பிக்கப் வண்டியோ வைத்திருக்கும் திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பகுதி விவசாயிகளுக்கு ஓர் எண்ணம் தோன்றுவதுண்டு. பின்பக்கம் இரண்டு பட்டை சேர்த்துக் கட்டிவிட்டால் வண்டி பாரத்தில் உட்காராது. பத்துப் பெட்டி கூடுதலாக ஏற்றலாம். தோப்புப் பாதையில் வண்டியின் அடிப்பாகம் தட்டாது என்பதே அது. பட்டறையிலும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். அரை நாளில் வேலை முடிந்துவிடும்.

இந்த எண்ணத்தில் பாதி சரி, பாதி தவறு. தவறான பாதிக்கு ஆகும் செலவு பட்டறைச் சீட்டில் எழுதப்படுவதில்லை. கோயம்பேட்டிலோ, எல்லைக்கு அப்பால் சித்தூர்ப் பக்கத்து மாங்கூழ் ஆலையிலோ, 'கழிவு' என்ற பெயரில் அது பிடித்துக்கொள்ளப்படுகிறது.

வில்வண்டியும் கட்டை வண்டியும்

கட்டை வண்டிக்கும் வில்வண்டிக்கும் உள்ள வேற்றுமை கிராமத்தார் அறிந்ததே. கட்டை வண்டியில் அச்சின் மேல் பலகை நேராக உட்காரும். சக்கரம் கல்லில் ஏறினால் அந்த அடி முழுதும் மேலே இருப்பவர் முதுகில் விழும். வில்வண்டியில் அச்சுக்கும் பலகைக்கும் நடுவே எஃகு வில் இருக்கும். சக்கரம் ஏறும்போது வில் வளைந்து கொடுக்கும். மேலே இருப்பவர் மெல்ல ஏறி இறங்குவார். இன்றைய சரக்கு வண்டியின் பின்பக்கத்தில் உள்ள பட்டைக் கட்டும் இதே வில்தான். விடுதலைக்குப் பின் பம்பாயில் மகிந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கிய காலம் முதல், அந்த ஜீப்பின் நான்கு சக்கரங்களுக்கும் பட்டைக் கட்டே இருந்து வந்தது. 2010இல் வந்த தார் வண்டியில் முன்பக்கம் முறுக்குக் கம்பியும் பின்பக்கம் பட்டையும் இருந்தன. 2020இல் வந்த தாரில் நான்கு சக்கரங்களுக்கும் சுருள் வில் வந்துவிட்டது. ஆனால் சரக்கு ஏற்றும் வண்டிகளில் பின்பக்கம் இன்றும் பட்டைதான். 2005இல் வெளிவந்த டாடா ஏஸ் வண்டியில் முன்னும் பின்னும் பட்டையே. பாரத்தைத் தாங்குவது மட்டுமன்றி அச்சை அதன் இடத்தில் பிடித்து வைப்பதும் பட்டைதான் என்பதால் சரக்கு வண்டிக்கு அது ஏற்றது.

வில் வளைந்து கொடுத்தால்தான் வேலை செய்யும். வளையாத வில் கட்டை வண்டியின் பலகைக்குச் சமம். பட்டை சேர்க்கும்போது நடப்பது வில்வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டை வண்டி ஆக்குவதாகும்.

கணக்கு சொல்வது

ஒரே அளவுள்ள பட்டைகள் ஐந்து கொண்ட கட்டில் இன்னும் இரண்டு சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு கூடும். இது எளிய கணக்கு. கனத்தின் கணக்கு இவ்வளவு எளிதன்று. பட்டையின் கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். அதாவது, லாரியிலிருந்து கழித்த 12 மி.மீ. பட்டை ஒன்றை ஜீப்பின் 6 மி.மீ. கட்டில் சொருகினால், அதே நீளமும் அகலமும் உள்ள எட்டுப் பட்டைகளைச் சேர்த்ததற்கு அது ஈடு. 'ஒரே ஒரு பட்டைதானே' என்று பழைய இரும்புக் கடையில் வாங்கிவரும் பட்டை செய்யும் வேலை இது.

இதனைத் தம் வண்டியிலேயே அளந்து பார்க்கலாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்தின் நடுவிலிருந்து அதற்கு நேர்மேலே உள்ள மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பின் அச்சுக்கு நேர்மேலே 50 கிலோ சிமெண்ட் மூட்டைகள் பத்து வைத்து மீண்டும் அளக்க வேண்டும். 500 கிலோவுக்கு 5 செ.மீ. இறங்கியது என்று வைத்துக்கொண்டால், அந்த வண்டியின் பின்கட்டு செ.மீ. ஒன்றுக்கு 100 கிலோ தாங்குகிறது என்று பொருள்.

அடுத்து, வண்டி நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பதைக் காணலாம். வில்லின் மேல் உட்கார்ந்திருக்கும் எடையினால் அது எத்தனை செ.மீ. அமுங்கியிருக்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 5ஐ வகுத்தால் விடை வரும். பின் அச்சின் மேல் வெறும் வண்டியின் எடை 450 கிலோ என்றால் அமுக்கம் 4.5 செ.மீ.; ஆட்டம் நொடிக்கு ஏறத்தாழ 2.4 முறை. அதன் மேல் ஒரு டன் ஏற்றினால் அமுக்கம் 14.5 செ.மீ.; ஆட்டம் 1.3 முறை. இது நல்ல வண்டி. பாரம் ஏறினால் மெத்தென்று போகும்.

இப்போது அந்த லாரிப் பட்டை ஒன்றைச் சேர்த்துவிட்டதாகக் கொள்வோம். கட்டின் விறைப்பு இரண்டரை மடங்குக்கு மேலாகும். ஒரு டன் பாரத்திலும் ஆட்டம் நொடிக்கு 2 முறைக்கு மேல் இருக்கும். வெறும் வண்டியில் அது 4 முறையை நெருங்கிவிடும். பட்டைகளுக்கிடையே உராய்வு இருப்பதால் சிறு அதிர்வுகளில் வண்டி இந்தக் கணக்கைவிடச் சற்று விறைப்பாகவே நடந்துகொள்ளும்.

பழத்துக்கு என்ன ஆகிறது

பெட்டியில் இருக்கும் பழம் தன் எடையினால்தான் கீழே உள்ள பழத்தின் மேல் அடங்கி உட்கார்ந்திருக்கிறது. வண்டித் தளம் போதிய வேகத்தில் கீழே இறங்கினால் பழம் ஒரு கணம் அந்தரத்தில் நின்றுவிடும். அடுத்த கணம் தளம் மேலே வந்து அதை மோதும். நொடிக்கு இரண்டு முறை ஆடும் வண்டியில் இது நடக்கத் தளம் நடுநிலையிலிருந்து மேலும் கீழும் 6 செ.மீ. அளவு ஆட வேண்டும். அது பெரிய பள்ளத்தில்தான் நேரும். நொடிக்கு நான்கு முறை ஆடும் வண்டியிலோ ஒன்றரை செ.மீ. ஆட்டமே போதும். ஒட்டுப்போட்ட தார்ச்சாலை எதிலும் இந்த அளவு மேடுபள்ளம் உண்டு. திருத்தணியிலிருந்து கோயம்பேடு ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவு. அவ்வளவு தூரமும் பழம் பெட்டிக்குள் துள்ளிக்கொண்டே போனால் என்ன மிஞ்சும்?

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓ'பிரையனும் அவருடைய உடன் ஆய்வாளர்களும், லாரியில் செல்லும் பழங்கள் ஏன் அடிபடுகின்றன என்று ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார்கள். அடியில் உள்ள பழம்தான் மேலுள்ள எடையால் நசுங்கும் என்பது பொதுவான எண்ணம். அதிர்வினால் வரும் சேதமோ மேல் அடுக்கில்தான் மிகுதி. பழக் குவியலே ஒரு வில்லைப் போல இயங்கி, தளத்தில் உண்டாகும் அதிர்வை மேலே செல்லச் செல்லப் பெருக்கிவிடுகிறது. மேலே பாரமும் இல்லாததால் அங்குள்ள பழம் எளிதில் எழும்பி உருள்கிறது.

மாங்காயில் இன்னொரு தொல்லை உண்டு. இறக்கும்போது பச்சையாகவும் கெட்டியாகவும் இருப்பதால் அடிபட்ட இடம் அன்று தெரியாது. பழுக்க வைத்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோதான் அந்த இடம் கறுத்துக் குழியும். அப்போது சரக்கு வியாபாரி கையில் இருக்கும். தோல் மெல்லிய பங்கனப்பள்ளியில் இது அதிகம். கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா என்கிற கிளிமூக்கு மாங்காய் ஓரளவு தாங்கும். தக்காளி இரண்டையும்விட மோசம். கத்தரியும் வெண்டையும் உராய்வினால் தோல் கறுத்து விலை இழக்கும். நெல், வேர்க்கடலை, கரும்பு ஏற்றுவோருக்கு இந்தக் கவலை இல்லை.

பாதிப் பாரத்தில் செல்லும் வண்டியில்தான் சேதம் மிகுதி என்பதைக் கவனிக்க வேண்டும். சிறு விவசாயிக்கு நாள்தோறும் முழு லோடு கிடைப்பதில்லை. பருவத்தில் பதினைந்து நாள் முழுப்பாரம். மற்ற நாளெல்லாம் இருபது பெட்டி, முப்பது பெட்டி. அந்தப் பதினைந்து நாளுக்காக விறைப்பாக்கிய கட்டு ஆண்டு முழுதும் பழத்தை உலுக்குகிறது.

நான்கு சக்கர இழுவை எதற்கு வாங்கப்பட்டது?

ஏரிக்கரை, மலையடிவாரத் தோப்பு, கொசஸ்தலை ஆற்று மணல் என்று இரண்டு சக்கர இழுவை வண்டி திணறும் இடங்களுக்காகத்தான் கூடுதல் விலை கொடுத்து நான்கு சக்கர இழுவை வண்டி வாங்கப்படுகிறது. மேடுபள்ளமான இடத்தில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது வில் விரிந்து அந்தச் சக்கரத்தைத் தரையில் அழுத்திப் பிடிக்க வேண்டும். விறைத்த கட்டு அவ்வாறு விரியாது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும். சாதாரண கிரவுன் அமைப்பில், தொங்கும் சக்கரம் வீணாகச் சுழல, தரையில் உள்ள சக்கரத்துக்கு இழுவை போகாது. பட்டை சேர்த்த பிறகு முன்பு ஏறிய மேட்டில் வண்டி ஏறவில்லை என்றால் எஞ்சினைக் குறை சொல்வதில் பயனில்லை.

மணலில் சிக்காமல் இருக்க வண்டியை உயர்த்துவதைவிட டயரில் காற்றைக் குறைப்பது மேல். டயர் அகன்று பதிந்து பிடிப்புக் கிடைக்கும். தார்ச்சாலை ஏறுமுன் காற்றை மீண்டும் நிரப்பிவிட வேண்டும். காற்றுக் குறைந்த டயர் பாரத்தோடு வேகமாக ஓடினால் சூடேறி வெடிக்கும். அதுபோலவே, லீவர் போட்டு இணைக்கும் பழைய வகை நான்கு சக்கர இழுவையை உலர்ந்த தார்ச்சாலையில் இணைத்தபடி ஓட்டுதல் கூடாது.

வண்டியை உயர்த்த நீண்ட ஷாக்கிள் போடுவது, அச்சுக்கும் கட்டுக்கும் நடுவே கட்டை வைப்பது, பழைய ஜீப்பில் அச்சுக்குக் கீழே இருக்கும் பட்டைக் கட்டை மேலே மாற்றுவது ஆகியவை மலைப்பாதைப் பந்தயக்காரர்கள் செய்பவை. விவசாயிக்கு இவற்றால் நன்மை குறைவு. வண்டி உயர்ந்தால் புரொப்பல்லர் ஷாப்டின் கோணம் மாறி அதன் ஜாயின்ட்டுகள் தேயும், பிரேக் ஹோஸ் இழுபடும், ஸ்டியரிங் அலையும். உயரத்தில் பாரம் ஏற்றிய வண்டி வரப்பு ஓரத்தில் சாய்ந்தால் நிமிராது.

பிரேக்கைப் பற்றி ஒரு முக்கியச் செய்தி

பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கும் சேஸுக்கும் நடுவே ஒரு சிறு கம்பியும் அதனோடு இணைந்த வால்வும் இருக்கும். வண்டியின் அடியில் குனிந்து பார்த்தால் தெரியும். பாரம் ஏறி வண்டியின் பின்புறம் தாழ்ந்தால் அந்தக் கம்பி நகர்ந்து வால்வைத் திறந்து பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்பும். பாரம் இல்லாதபோது அழுத்தத்தைக் குறைக்கும். வெறும் வண்டியின் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு இது.

பட்டை சேர்த்துப் பின்புறம் தாழாமல் செய்துவிட்டால் இந்த வால்வு ஏமாந்துவிடும். ஒரு டன் ஏறியிருந்தாலும் வண்டி காலியாக இருப்பதாகவே அது கொள்ளும். பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும். நிறுத்தும் சுமை முழுதும் முன் பிரேக்கின் மேல் விழும். சமவெளியில் இது தெரியாமல் போகலாம். இறக்கத்தில் பாரத்தோடு வரும்போது, திடீரென்று மாடு குறுக்கே வந்தால் தெரியும். பட்டைக் கட்டில் எந்த மாற்றம் செய்தாலும், இந்த வால்வின் கம்பியை நிறுவனத்தின் அளவுப்படி சரிசெய்யத் தெரிந்தவரிடம் காட்டியே ஆக வேண்டும். கம்பியைக் கழற்றிக் கட்டிப்போடுவதும் சில இடங்களில் நடக்கிறது. அது மிகவும் ஆபத்தானது. (ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு ஆட்களைச் சரக்கு வண்டியில் ஏற்றி மலைக்கு வருவோரும் உண்டு. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படியே குற்றம். பிரேக் இந்த நிலையில் உள்ள வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்.)

ஷாக் அப்சார்பர் பாரம் தாங்காது

'வண்டி உட்காருகிறது, நல்ல ஷாக் போடுங்கள்' என்று கேட்பவர்கள் பலர். ஷாக் அப்சார்பருக்கும் பாரம் தாங்குவதற்கும் தொடர்பில்லை. வில் ஒரு முறை அமுங்கினால் தானாக நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதே ஷாக்கின் வேலை. அதனுள் இருக்கும் எண்ணெய் சிறு துளைகள் வழியே பிதுங்கிச் செல்லும்போது ஆட்டத்தின் ஆற்றல் சூடாக மாறிவிடுகிறது. கெட்ட சாலையில் ஓடிவந்த வண்டியின் ஷாக்கைத் தொட்டால் சுடுவது இதனால்தான். நான்கில் ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் அது வேலை செய்யவில்லை என்று ஐயுறலாம்.

ஷாக் ஒரே நாளில் கெடுவதில்லை. மெல்ல மெல்ல வலுவிழப்பதால் ஓட்டுபவருக்கே தெரிவதில்லை. வண்டியின் ஒரு மூலையை இரு கைகளாலும் பலமாக அழுத்தி விட்டால், மேலே வந்து சிறிது இறங்கி நின்றுவிட வேண்டும். மேலும் இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் போய்விட்டது. எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருத்தல், டயர் விட்டு விட்டுக் குழி விழுந்ததுபோல் தேய்தல் ஆகியவையும் அடையாளங்கள். கெட்டது ஒன்றே ஆனாலும் அந்த அச்சின் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பட்டை சேர்த்தவர்கள் ஷாக்கைப் பழையபடியே விட்டுவிடுவது வழக்கம். விறைத்த வில்லை அடக்க அந்தப் பழைய ஷாக்குக்கு வலு போதாது. வெறும் வண்டி முயல்போலத் துள்ளும். அதற்கு மாறாக, மிகக் கடினமான ஷாக் போட்டால் சிறு மேடுகளின் அடியெல்லாம் நேராகத் தளத்துக்குப் போகும். நைட்ரஜன் வாயு அடைத்த ஷாக்குகளில், சூடேறினாலும் எண்ணெய் எளிதில் நுரைக்காது என்பது நன்மை. நாள் முழுதும் கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டிக்கு அது பயன்படும். தோப்பிலிருந்து நான்கைந்து கி.மீ. மண்பாதை, பிறகு தார்ச்சாலை என்று ஓடும் வண்டிக்கு நிறுவனம் கொடுத்த வகையே போதும். எதைப் போட்டாலும் நீளம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதே முக்கியம். நீளம் கூடினால், வில் முழுதும் அமுங்கிப் பம்ப் ரப்பரைத் தொடும் முன்பே ஷாக் முட்டி உடையும்.

பணம் செலவழிக்குமுன் பார்க்க வேண்டியவை

வண்டி உட்காருகிறது என்றால் முதலில் எடை மேடையில் ஏற்றிப் பார்க்க வேண்டும். முழு வண்டியை ஒரு முறையும், பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு முறையும் எடை போட வேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் வருவதுதான் ஏற்றத் தகுந்த பாரம். டாடா ஏஸ் போன்ற சிறு வண்டியில் அது முக்கால் டன் அளவே. 20 கிலோ கொள்ளும் பிளாஸ்டிக் பெட்டிகள் ஐம்பது ஏற்றினாலே ஒரு டன் ஆகிவிடும். பெட்டியின் எடை தனி. பட்டை சேர்ப்பதால் இந்த அளவு ஒரு கிலோவும் கூடுவதில்லை. அச்சு, பேரிங், டயர், பிரேக், சேஸ் எல்லாம் பழையவையே. முன்பு வண்டி தாழ்ந்து 'பாரம் மிகுந்துவிட்டது' என்று காட்டிக்கொடுத்தது. இப்போது அந்த எச்சரிக்கையும் இல்லாமல் போகிறது.

1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தமிழகப் பக்கம் வந்துவிட்டாலும், இப்பகுதி மாங்காய் நகரி, புத்தூர் வழியே இன்றும் எல்லை கடந்துதான் போகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988 மத்தியச் சட்டம் ஆகையால் இரு பக்கமும் ஒன்றே. 2019 திருத்தத்தின்படி அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாயும் அபராதம். நிறுவனம் அமைத்ததற்கு மாறாக வண்டியை அனுமதியின்றி மாற்றுவதும் குற்றமே. மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் உண்டு. விபத்து நேர்ந்தால் இன்சூரன்சுக்காரர்கள் இதையும் கிளறிப் பார்ப்பார்கள்.

பாரம் அளவோடு இருந்தும் வண்டி உட்கார்ந்தால் கட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றிரண்டு பட்டைகள் விரிசல் விட்டிருக்கும் அல்லது வளைவு இழந்திருக்கும். பட்டைகளுக்கிடையே துரு ஏறியிருந்தால் அவை ஒன்றின் மேல் ஒன்று வழுக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளும். அப்போது கட்டு முழுதும் ஒரே கனத்த இரும்புபோல் நடக்கும். பாரம் குறைவாக உள்ளபோது துளியும் வளையாது. இவ்வாறு இறுகிய கட்டைப் பிரித்து, துருவைத் தேய்த்து எடுத்து, கிராபைட் கலந்த கிரீஸ் தடவி மீண்டும் கட்டினால் போதும், வண்டி மென்மையாகிவிடும். மாங்காய் ஏற்றும் வண்டிக்குப் பருவத்துக்கு முன் செய்யத்தக்க மிகச் சிறந்த வேலை இதுதான். செலவும் குறைவு. ஷாக்கிள் புஷ், பின் ஆகியவற்றையும் அப்போதே மாற்றிவிடலாம். ரப்பர் புஷ் உள்ள வண்டியில் அந்த போல்ட்டுகளை, சக்கரம் தரையில் ஊன்றி வண்டியின் எடை முழுதும் கட்டின் மேல் இருக்கும்போதுதான் இறுதியாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி வைத்தபடி இறுக்கினால் வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழியும்.

வளைவு இழந்த பட்டையைச் சம்மட்டியால் தட்டி வளைத்துத் தரும் வழக்கம் உண்டு. அது நெடுநாள் நிற்பதில்லை. உலையில் காய்ச்சி வளைத்தாலோ, முறையாகப் பதம் ஏற்றாவிட்டால் எஃகு தன் துள்ளலை இழந்துவிடும். பட்டையில் வெல்டிங் வைப்பதும், கேஸ் வெட்டால் துளை போடுவதும் அறவே கூடாது. அந்தச் சூடுபட்ட இடத்தில்தான் அது முறியும். கழித்த லாரிப் பட்டையில் அடித்த அரிவாளுக்கு நல்ல பெயர் உண்டு. அதற்கு அது ஏற்ற இரும்பு. ஏற்கெனவே இலட்சக்கணக்கான முறை வளைந்து களைத்த அந்த இரும்பு மீண்டும் வில்லாக இருக்கத் தகுதியற்றது.

அப்படியும் வேண்டுமென்றால்

நிறுவனம் அனுமதித்த பாரத்துக்குள்ளேயே, கரடுமுரடான தோப்புப் பாதையில் முழு லோடோடு அடிக்கடி வர வேண்டியவர்களுக்கு ஒரு வழி உண்டு. லாரிகளில் மேற்கட்டாக இருக்கும் ஹெல்பர் பட்டையைப் போன்றது அது. பிரதானக் கட்டின் மேல் சிறு இடைவெளி விட்டு இது நிற்கும். வெறும் வண்டியிலும் பாதிப் பாரத்திலும் இது எதையும் தொடாது. வண்டி ஓரளவுக்கு மேல் தாழ்ந்த பிறகே இதன் முனைகள் தாங்கிகளில் உட்கார்ந்து பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். பாதி லோடுக்கு மென்மை, முழு லோடுக்கு வலு என இரண்டும் கிடைக்கின்றன. அந்த வண்டி மாடலுக்கென்று நிறுவனமே இதனைத் தருகிறதா என்று முதலில் விற்பனையாளரிடம் கேட்பது நலம். தந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தகராறு வராது. வெளியில் செய்வதானால் முன்கூட்டியே அங்கு எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளலாம்.

பழத்தைக் காக்கச் சரக்கை அடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். பின் அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும் பகுதிதான் தளத்திலேயே அதிகம் ஆடும் இடம். நல்ல விலைக்குப் போகும் பங்கனப்பள்ளியைக் கேபினை ஒட்டி முன்பக்கம் அடுக்க வேண்டும்; தாங்கக்கூடிய சரக்கைப் பின்னால் வைக்கலாம். பெட்டியின் அடியிலும் மேலும் வைக்கோலோ காகிதமோ பரப்பி, பழம் அசைய இடமில்லாமல் நிரப்ப வேண்டும். விளிம்புக்கு மேல் குவித்தல் கூடாது. மேல் அடுக்குப் பெட்டிகளின் மேல் சாக்குப் போட்டு இழுத்துக் கட்டினால் பழம் எழும்பாது. பறித்த பின் செய்ய வேண்டிய மற்ற நேர்த்திகளைப் பற்றித் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகிக் கேட்கலாம். டயர் காற்று, வெறும் வண்டிக்கும் பாரத்துக்கும் வேறு வேறு. ஓட்டுநர் பக்கத்துக் கதவருகிலோ கையேட்டிலோ குறித்திருக்கும் அளவைப் பார்த்து வைக்க வேண்டும்.

கட்டைப் பிரித்துப் பூட்டிய வண்டியில் யூ போல்ட் நட்டுகள் சில நாளில் தளர்வது இயல்பு. தளர்ந்தால் பாரம் முழுதும் நடுவிலுள்ள சென்டர் போல்ட்டில் விழும். அது அறுந்தால் அச்சு ஒரு பக்கம் பின்னுக்கு நகர்ந்து வண்டி நண்டுபோல் கோணலாக ஓடும். ஆகையால் முதல் லோடு இறக்கித் திரும்பிய அன்றே பட்டறையில் நிறுத்தி, நான்கு யூ போல்ட்டுகளையும் மாறி மாறி ஒரே அளவாக இறுக்கி வாங்க வேண்டும். ஐநூறு கி.மீ. ஓடியபின் இன்னொரு முறை இறுக்க வேண்டும். அப்போதே மட்கார்டு உயரத்தை இரு பக்கமும் அளந்து, பழைய அளவோடு சேர்த்துக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.